இன்ஜினை விரலால் தள்ளக் கூடாது

ஜோயல்,

போன வாரம் போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா கூப்பிடறாரா, இல்ல நீங்க கூப்பிடறீங்களா?" அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. என்னிடம் பதில் இல்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் இல்லை. "ஆமாம், அப்பாதான் கூப்பிடுகிறார்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால், அயர்லாந்து வேலைக்கு விமானம் ஏறுவதற்கு முன் நீ மைசூருக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போயிருப்பாய். எனக்கும் அது வேண்டும். வேண்டும் என்பதாலேயே அந்த வரியை என்னால் நம்ப முடியவில்லை. காலேஜில் இத்தனை வருடம் புள்ளியியல் நடத்தியதில் எனக்குள் ஊறிப்போனது ஒன்றுதான்: நமக்குப் பிடித்த முடிவு எதுவோ, அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதனால் பதில் சொல்வதற்குப் பதிலாக, இந்த மாதங்களில் மாடி அறையில் நான் பார்த்ததை எழுதுகிறேன். முடிவு உன்னுடையது. கடிதம் நீளமாகத்தான் இருக்கும். டூட்டி முடிந்து, சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி.

நீ அப்படிக் கேட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான். நீ இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு நர்சிங்கில் சேர்ந்த நாளிலிருந்து, நீயும் அப்பாவும் பேசிக்கொண்டதெல்லாம் என் வழியாகத்தான். அப்பா "சாப்பிட்டானான்னு கேளு" என்பார். நான் உன்னிடம், "அப்பா உன்னைப் பத்தி ரொம்ப விசாரிச்சாரு" என்பேன். நீ "சரின்னு சொல்லிடுங்கம்மா" என்பாய். நான் அப்பாவிடம், "பையன் உங்களையே நெனச்சிட்டு இருக்கான்" என்பேன். நல்லதற்குத்தான் செய்தேன். ஆனால் ஒருவர் சொன்ன சொல் இன்னொருவர் காதுக்கு அப்படியே போய்ச் சேர்ந்ததே இல்லை. இனிப்புத் தடவித் தடவி, கடைசியில் நான் எது சொன்னாலும் இரண்டு பேருமே பாதியைக் கழித்துக்கொண்டு கேட்கிற நிலைக்கு வந்துவிட்டீர்கள். உனக்கு நான் புத்தி சொல்வது அபூர்வம். இதை மட்டும் சொல்கிறேன்: உனக்கு வேண்டிய இரண்டு பேருக்கு நடுவில் நின்று சேதி சுமக்காதே. சண்டை போட்டுக்கொண்டாலும் நேராகவே போட்டுக்கொள்ளட்டும்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை நீயும் நானும் இரண்டு பேருமே பேசாமல் விட்டுவிட்டோம். கிறிஸ்துமஸ் கழிந்து அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நீ புனேயில் வேலைக்கு லீவு போட்டு ஓடி வந்தாய். புரட்டிப் படுக்க வைத்தது, உடம்பு துடைத்துவிட்டது, ஊட்டியது எல்லாம் நீதான். அந்த வார்டு நர்சுகளே உன்னைப் பார்த்து, "இவரு நம்ம ஆளு" என்றார்கள். ஒருநாள் காலையில் நீ முதுகு துடைத்துக்கொண்டிருக்கும்போது அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நீ அதைப் பார்த்தாய். நீ பார்த்ததை நான் பார்த்தேன். சொன்ன தேதிக்கு முன்னாலேயே புனேவுக்குக் கிளம்பினாய். பஸ் ஸ்டாண்டில் வைத்து, "என் கை பட்டா அவருக்குப் பிடிக்கலம்மா" என்றாய். கோபத்தில் திரும்புகிற முகமும், மகன் கையால் குளிக்க வேண்டி வந்ததே என்று கூச்சத்தில் திரும்புகிற முகமும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும். எது என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

அவரிடமே கேட்டுவிடலாமே என்று நீ நினைப்பாய். வலது கையோடு பேச்சும் போனதுதான் உனக்குத் தெரியுமே. நீ போன பிறகு ஒரே ஒரு வாக்கியம் திரும்பி வந்தது. "ஹோக்லி பிடு." போகட்டும் விடு என்று அவர் எப்போதும் கன்னடத்தில் சொல்வாரே, அதேதான். பால் பொங்கி வழிந்தாலும், ஸ்கூலில் ஹெட்மாஸ்டர் திட்டினாலும், மழையில் துணி நனைந்தாலும் என் வீட்டுக்காரரின் தீர்ப்பு அதுதானே! தினமும் யோசிக்காமல் சொல்லிப் பழகியது சில பேருக்கு அப்படி மிஞ்சும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் சொன்னாள். இப்போது எல்லாவற்றுக்கும் அதுதான். காபி வேண்டுமா? ஹோக்லி பிடு. வேண்டாமா? ஹோக்லி பிடு. பாஸ்டர் வந்து தலையில் கை வைத்து நீளமாக ஜெபித்துக்கொண்டிருந்தார், நடுவில் இவர் கணீரென்று "ஹோக்லி பிடு" என்றார். பாஸ்டர் சட்டென்று ஆமென் சொல்லி முடித்துக்கொண்டார். ஒருநாள் நான் தைரியமாகவே கேட்டேன், "ஜோயல் மேல இன்னும் கோபமா?" என்று. "ஹோக்லி பிடு" என்றார். இதையே பதில் என்று எழுதி உனக்கு அனுப்ப எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? ஆனால் கேஸ் புக் பண்ணட்டுமா என்று கேட்டதற்கும் அன்றைக்கு அதையேதான் சொன்னார்.

அந்தப் பயிற்சிப் பெண்தான், கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்றாள். "அங்கிளுக்கு முன்னாடி என்ன இஷ்டம் ஆன்டி? செஸ்ஸா, கேரமா?" நான் அவளை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஷீட் போட்ட அந்த அறையில், சுவரோரம் முழுவதும் பலகை போட்டு நீங்கள் இரண்டு பேரும் கட்டிய ரயில்பாதையைப் பார்த்துவிட்டு, "அய்யோ, இஷ்டு தொட்டதா!" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். இவ்வளவு பெரியதை அவள் எதிர்பார்க்கவில்லை. கிழக்கு ஓரத்தில் ஸ்டேஷன், அதிலிருந்து சுற்றி வரும் பாதை, மேற்கே நீ போட்டு வைத்துவிட்டுப் போன கிளைப்பாதை. அந்தக் கிளை எதோடும் சேரவில்லை. அது பிரிய வேண்டிய இடத்தில் ஒரு முழம் அளவுக்குத் தண்டவாளமே இல்லாமல் பலகை தெரிந்தது. நீ போன பிறகு அந்த இடத்தை அப்பா தொடவில்லை. தூசி மட்டும் துடைப்பார்.

விட்டுப்போன அந்த இடத்தில் கடைசிப் பாயிண்டைப் போடுவது என்று முடிவாயிற்று. போடுவது நான், சொல்லிக்கொடுப்பது பேச முடியாத மனிதர். நீ சிரிக்கலாம். நீங்கள் இரண்டு பேரும் அந்த அறையில் மணிக்கணக்காகப் பேசியபோது கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே கேட்டது மட்டும்தான் என் படிப்பு. சரியாகக் கற்றிருக்கிறேனா என்று நீயே பார். ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடம் பாயிண்ட். அதில் நகரும் இரண்டு கூர்மையான தண்டவாளங்கள் நாக்கு. இந்தப் பக்கம் தள்ளினால் ரயில் நேரே போகும், அந்தப் பக்கம் தள்ளினால் திரும்பும். கொஞ்சம் தள்ளி இரண்டு பாதையின் உள் தண்டவாளங்களும் வந்து 'வி' மாதிரிச் சேரும் இடம் மூக்கு. (பேச்சுப் போன மனிதரின் வீட்டில் நாக்கைப் பற்றி எழுதுகிறேனே என்று எதையும் கோர்த்துப் பார்க்காதே. ரயில்வேயில் அதற்கு அதுதான் பெயர்.) ஸ்ரீரங்கப்பட்டணம் ஸ்டேஷனுக்கு உங்கள் இருவரோடும் நான் போயிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். பிளாட்பாரத்தின் கடைசியில் நின்று, அந்த நாக்கையும் மூக்கையும் நீங்கள் குனிந்து குனிந்து பார்த்த நேரத்தில் ரயில்வேக்காரர் ஒருவர் வந்து, "ஏனாத்ரூ பித்தோய்தா சார்?" என்று கேட்டார். ஏதாவது கீழே விழுந்துவிட்டதா என்று! "இல்லப்பா, இவங்க ரெண்டு பேரும் பொறந்ததே இப்படித்தான்" என்று நான் தமிழில் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்குத்தான் காதில் விழவே இல்லை.

சாமான் வாங்க அக்ரஹாரத்தில் அந்த ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனேன். வயர், சின்னத் தள்ளு சுவிட்ச், ஈயம். கடைக்காரர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, "மகூகா மேடம்?" என்றார், குழந்தைக்கா என்று. "இல்லப்பா, யஜமான்ரிகே" என்றேன். வீட்டுக்காரருக்கு என்றதும் சுவிட்சைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "ஹாகித்ரே தொட்டதே கொட்தீனி" என்று பெரியதாக ஒன்றைத் தேட ஆரம்பித்தார். சின்னதே போதும் என்று அவரை நம்பவைப்பதற்குள் வாசலில் நின்ற என் ஸ்கூட்டரை எடுக்கச் சொல்லி பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

வேலை இப்படித்தான் நடந்தது. செம்புத் தகடு ஒட்டிய பட்டைகளைப் பலகையில் வரிசையாக ஒட்டி, அவற்றின் மேல் தண்டவாளத்தை வைத்து, ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பழைய தகர அளவுகோலை இடது கையால் பிடித்துக்கொள்வார். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் இடைவெளி சரியாக இருந்தால் ஒன்றும் நடக்காது. இல்லாவிட்டால் என் மணிக்கட்டில் அளவுகோலால் ஒரு தட்டு. மூக்குக்காகத் தண்டவாளத்தை நான் அரத்தால் ராவியதை அவர் கண் பக்கத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையில் போடுவார். நான், "ஏங்க, உங்க ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் எப்படித்தான் பாஸ் பண்ணாங்க?" என்பேன். "ஹோக்லி பிடு." ஒன்று தெரிந்துகொண்டேன். நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வைக்கப் பார்த்தால் அவர் முகம் மூடிக்கொள்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒரே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், கையாலும் மூக்கொலியாலும் ஏகப்பட்டது சொல்கிறார். அந்தப் பயிற்சிப் பெண் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், "நீங்க முடிச்சுக் கொடுக்காதீங்க ஆன்டி. அங்கிளே முடிக்கட்டும், எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல." எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. நோயாளிகளைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்பா விஷயத்தில் நீயும் நானும் ஒரே ஜாதிதான். அவர் வாய் திறப்பதற்குள் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்துவிட்டதாக நினைப்பவர்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அதற்கு உங்கள் சண்டையிலிருந்து தொடங்க வேண்டும். பழைய பொம்மை மோட்டார் ஒன்றை வைத்து நீயே ஒரு சின்ன இன்ஜின் செய்தாய். பச்சை பெயின்ட், நாலே சக்கரம். அப்பாவின் பெரிய இன்ஜின்கள் எந்தப் பாயிண்டையும் தாண்டிப் போகும். உன்னுடையது மட்டும் ஒவ்வொரு மூக்கிலும் போய் நிற்கும். குதிப்பதும் உட்காருவதுமாக இருக்கிறது என்று அவர்தான் அதற்கு வெட்டுக்கிளி என்று பெயர் வைத்தார். "சக்கரத்துல அழுக்குடா. உன் இன்ஜின்தான் சரியில்ல" என்பார். "இல்லப்பா, உங்க பாயிண்ட்தான் சரியில்ல. மூக்குக்குக் கரண்ட் நாக்கு வழியாத்தான் போகுது. நாக்கு நுனியில தூசி இருந்தா அவ்ளோதான். மூக்குக்குத் தனி வயர் கொடுங்க" என்பாய். பெரிய இன்ஜினுக்குச் சக்கரம் அதிகம், ஒன்று இல்லாவிட்டால் ஒன்று தண்டவாளத்திலிருந்து கரண்டைப் பிடித்துக்கொள்ளும். சின்னதுக்கு அந்த வசதி இல்லை. இதெல்லாம் எனக்கு இப்போது புரிகிறது. அப்போது ஒன்று மட்டும் தெரியும்: நின்ற இன்ஜினை விரலால் தள்ளக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். "தள்ளினா ரயில் போயிடும். தப்பு அங்கேயே இருக்கும்" என்பார். நீங்கள் இரண்டு பேரும் தள்ளாமல் நின்று வாதாடுவீர்கள், சோறு ஆறிப்போகும்.

அந்த நாளை நான் திரும்ப விவரிக்கத் தேவையில்லை. அப்பா ஸ்கூலுக்குப் போயிருந்தபோது ஸ்டேஷன் பக்கத்துப் பாயிண்டில், நாக்குக்கும் மூக்குக்கும் நடுவில், தண்டவாளத்தை நீ அறுத்தாய். தனி வயர் கொடுப்பதற்காக. வயர் போடுவதற்குள் அவர் வந்துவிட்டார். அன்றைக்குத்தான் காலேஜிலிருந்து நீ நின்றுவிட்ட விஷயமும் அவருக்குத் தெரிந்திருந்தது. "நல்லா ஓடுறதை வெட்டிட்டு, பாதியில விட்டுட்டுப் போறதுதான் உனக்குத் தெரியும்" என்றார். தண்டவாளத்தைச் சொன்னாரா, காலேஜைச் சொன்னாரா என்று நீ கேட்கவில்லை. வெட்டுக்கிளியை ஷூ டப்பாவில் போட்டு, அலமாரி மேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாய். நீ அறுத்த இடத்தில் அப்பா மறுநாளே ஈயம் வைத்து ஒட்டிவிட்டார். அவர் கைவேலையிலேயே அசிங்கமானது அதுதான். கடுகு அளவுக்கு ஒரு புடைப்பு, தடவினால் விரலில் தட்டுப்படும்.

இப்போது நடந்தது இது. ஒருநாள் மத்தியானம் சிலிண்டர் வந்தது, நான் கீழே இறங்கிப் போனேன். திரும்பி வந்தபோது அப்பா எழுந்து நின்றிருந்தார். வலது இடுப்பைப் பலகையில் சாய்த்துக்கொண்டு, இடது கையில் சின்ன ரம்பத்தை வைத்து ஸ்டேஷன் பக்கத்துப் பாயிண்டை அறுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் வேலை செய்வது அறையின் மறு கோடியில். இது ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த பாயிண்ட். "என்ன பண்றீங்க? ஓடுறதை ஏன் அறுக்கறீங்க?" என்று கத்தினேன். "ஹோக்லி பிடு." ரம்பத்தைப் பிடுங்கினேன். அவர் பலகையில் ஓங்கி அடித்தார். ஸ்டேஷன் கூரை கழன்று விழுந்தது. அதே இடத்தை விரலால் காட்டினார், மறுபடியும் காட்டினார், மூன்றாம் தரமும் காட்டினார். நான் அதைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். மூளையில் மறுபடியும் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். டாக்டர் நம்பரைத் தேடினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் செய்தாரே, அதே மாதிரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். டீயைத் தொடவில்லை.

எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கத்தான் சாயந்திரம் கண்ணாடி போட்டுக்கொண்டு டார்ச் அடித்தேன். ரம்பம் போன இடம் அந்த ஈயப் புடைப்பு. ஒரு மயிரிழை இப்படி அப்படி இல்லை. நீ அறுத்து, அவர் ஒட்டின அதே இடத்தை, பழக்கமில்லாத கையால், சரியாகத் திறந்திருந்தார். பக்கத்துத் தண்டவாளத்திலும் அதே நேரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். நான் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்து, மூக்குக்குத் தனி வயர் கொடுப்பது எப்படி என்று படித்தேன். முதல் வேலை, நாக்கிலிருந்து மூக்கைத் துண்டிப்பது. பிறகுதான் வயர். அந்த வயரை ஒரு சுவிட்ச் வழியாகக் கொண்டுபோக வேண்டும், நாக்கு எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கத்துக் கரண்ட் மூக்குக்குப் போகிற மாதிரி. நீ பதினெட்டு வயதில் சொன்னதுதான், ஒரு எழுத்து மாறவில்லை.

காலையில் ரம்பத்தை அவர் கையில் கொடுத்தேன். "தப்பா நெனச்சிட்டேங்க. அறுங்க" என்றேன். "ஹோக்லி பிடு" என்றார். அதைப் பதில் என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான், ஆனாலும் கணக்கில் சேர்க்கவில்லை.

அதன் பிறகு அந்த அறையில் இருக்கும் எல்லாப் பாயிண்டையும் ஒவ்வொன்றாக அவர் அறுத்தார், நான் மூக்குக்கு அடியில் பச்சை வயர் வைத்துப் பற்றவைத்தேன். பலகை ஓரத்தில் ஒரு குமிழ், அதிலிருந்து சைக்கிள் ஸ்போக் ஒன்று நாக்கு வரைக்கும் போகும். குமிழை இழுத்தால் நாக்கும் நகரும், அதே இழுப்பில் அடியில் இருக்கும் தள்ளு சுவிட்சும் நகரும். முதல் பாயிண்டில் சுவிட்சின் இரண்டு ஓர வயர்களையும் நான் மாற்றி வைத்துவிட்டேன். பெரிய இன்ஜின் மூக்கில் ஏறியதும் ஷார்ட் ஆகி, கரண்ட் கொடுக்கும் கன்ட்ரோலர் கிளிக் என்று அணைந்தது. நான் பயந்து பின்னால் நகர்ந்ததைப் பார்த்து அப்பா சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் ஏறும் சிரிப்பு. வீட்டுக்கு வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. "உங்களுக்கு என்ன, நீங்க சிரிப்பீங்க, குனிஞ்சு படுக்கறவ நான்தானே" என்று சொல்லிக்கொண்டே பலகைக்கு அடியில் போனேன்.

நான் சொல்ல வருவது இதுதான், ஜோயல். பெரிய இன்ஜின்களுக்கு இந்த வயர் தேவையில்லை. இத்தனை வருடமாக அது இல்லாமலேயே ஓடியவை. இந்த வீட்டில் அந்த வயர் தேவைப்படும் இன்ஜின் ஒன்றே ஒன்று. அது அலமாரி மேல் ஷூ டப்பாவில் இருக்கிறது.

இதோடு நிறுத்திவிட்டால் உன்னை ஏமாற்றினவளாவேன். வேறு விதமாகவும் யோசித்துப் பார்த்தேன். படுத்த படுக்கையில் நாள் முழுக்க உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, நீ சொன்னது சரி என்று வெறும் பிசிக்ஸ் வாத்தியாராகவே புரிந்திருக்கலாம். தப்பான ஒன்றைத் திருத்தாமல் அவரால் இருக்க முடியாது. அதில் பாசம் இருந்தாக வேண்டும் என்று இல்லை. அல்லது கைக்கு வேலை வேண்டும் என்று எதையோ எடுத்துச் செய்திருக்கலாம். அந்தப் புடைப்பு எதனால் வந்தது என்பதே அவருக்கு மறந்திருக்கலாம். அறுப்பதற்கு வசதியான இடம் எப்படியும் அதுதானே! ஷூ டப்பாவை எடுத்துக்கொடு என்று அவர் ஒருநாளும் கை காட்டவில்லை, நானும் எடுக்கவில்லை. எடுத்துக் கையில் கொடுத்தால் அது என் கேள்வியாகிவிடும். அவருடைய பதிலாக இருக்காது.

ஆகவே, அப்பா கூப்பிடுகிறாரா என்று கேட்டால், தெரியாது. நான் கூப்பிடுகிறேனா என்றால், ஆமாம். இதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை, இனிப்பும் தடவவில்லை. நீ வந்தால், அவரிடம் எதுவும் கேட்காதே. மன்னிப்பும் கேட்காதே, எதிர்பார்க்கவும் செய்யாதே. பக்கத்தில் உட்கார்ந்து ஈயம் பற்றவைக்கும் அயர்னைப் பிடி. வராவிட்டாலும் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். முகம் திரும்பியதைப் பார்த்தவன் நீ.

கடைசிப் பாயிண்ட் இன்று முடிந்தது. உன் கிளைப்பாதை இப்போது பாதையோடு சேர்ந்துவிட்டது. நாளை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்வந்து ஓட்டிப் பார்ப்பதாக இருக்கிறோம். என்ன ஆனாலும் அதையும் எழுதிவிட்டு இதை அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோயிலிலிருந்து வந்ததும் அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் மாடிப்படியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் பெரிய இன்ஜினை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தேன். அவர் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார். அலமாரியின் மேல்புறத்தைக் காட்டினார். நான் புரியாத மாதிரி நின்றேன். வேண்டுமென்றேதான். "எது? ஃபேனா? ஃபேன் போடவா?" அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி காட்டினார். ஷூ டப்பாவை இறக்கிக் கொடுத்தேன். வெட்டுக்கிளியை மடியில் போட்டு, ஸ்பிரிட் தொட்ட துணியால் நாலு சக்கரத்தையும் கட்டை விரலில் உருட்டி உருட்டித் துடைத்தார். வெகு நேரம் ஆயிற்று. நான் முடித்துக் கொடுக்கவில்லை.

ஸ்டேஷனில் வைத்து கன்ட்ரோலரைத் திருகினார். எறும்பு ஊருமே, உனக்குப் பிடித்த அந்த வேகம். நீ அறுத்த பாயிண்டின் மேல் ஏறியது. அது நிற்கவில்லை. தயங்கக்கூட இல்லை. அடுத்த பாயிண்ட், அதற்கடுத்தது, எல்லாவற்றையும் தாண்டிச் சுற்றிக்கொண்டு மேற்கே வந்தது. அப்பா என்னைப் பார்க்கவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளைப்பாதைக்காக நான் குமிழை இழுத்தேன். வெட்டுக்கிளி நான் செய்த பாயிண்டில் ஏறியது. மூக்குக்கு வந்தது. நின்றுவிட்டது.

அவர் திருகைக் கூட்டினார், குறைத்தார். அசையவில்லை. என்னை அறியாமல் விரலை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எனக்கு எரிச்சலாகிவிட்டது. "சரி, தள்ளல. எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான். இப்ப யாரைக் கூப்பிடறது, சொல்லுங்க" என்றேன். கேட்டுவிட்டு, ஹோக்லி பிடு வருவதற்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை. அவர் என் கையை விட்டுவிட்டுக் குனிந்தார். பலகைக்கு அடியில், வயர் சுருளுக்குப் பின்னால், நீ உட்காருவாயே அந்தக் குட்டை ஸ்டூல் கிடந்தது. இடது கையால் இழுத்தார். ஒரு கால் மாட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தார். நான் உதவப் போகவில்லை. அதை இழுத்துக்கொண்டு வந்து என் பாயிண்டுக்கு நேராகப் போட்டு, மேலே இருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்தார். பிறகு கன்ட்ரோலரை அணைத்துவிட்டுத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. ஸ்டூலைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார்.

இதற்கு மேல் நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. இன்ஜின் இன்னும் அங்கேயே நிற்கிறது. நாங்கள் தள்ளவில்லை.

அம்மா